சாக்லேட்டில் வெள்ளை படர்ந்தால் தூக்கிப் போட வேண்டுமா?

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சாக்லேட்டை நாலு மாதம் கழித்துப் பிரிக்கிறோம். பழுப்பு நிறத்துக்கு மேலே விபூதி பூசினாற்போல ஒரு வெளுப்பு. "பூஞ்சை பிடிச்சிருச்சு, பிள்ளைக்குக் குடுத்துடாதே" என்று யாராவது சொல்வார்கள். அடுத்த நிமிடம் அது குப்பைக்கூடைக்குப் போய்விடும். அதே வீட்டில், பார்க்கப் பளபளப்பாக இருக்கிற முந்திரி சாக்லேட் ஒன்று லேசாகச் சிக்கு வாடை அடித்தாலும், "இது கொஞ்சம் கசப்பு வகை போல" என்று எல்லாரும் ஆளுக்கொரு துண்டு தின்று முடித்துவிடுவார்கள். குப்பைக்குப் போனதில் ஒரு கெடுதலும் இல்லை. வயிற்றுக்குப் போனதுதான் கெட்டுப்போனது.

சாக்லேட் விஷயத்தில் கண்ணைவிட மூக்கை நம்பலாம். ஏன் என்று புரிய, அதற்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண சாக்லேட் பட்டையில் கொக்கோ வெண்ணெய், கொக்கோத் தூள், சர்க்கரை ஆகியவை இருக்கும். மில்க் சாக்லேட் என்றால் பால்பவுடரும் சேரும். தண்ணீர் மட்டும் கிட்டத்தட்ட இல்லை. எடையில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு சதவீதம்தான் ஈரம். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வளரத் தண்ணீர் வேண்டும். அது கிடைக்காததால் ரொட்டியோ பால்கோவாவோ கெடுவது மாதிரி சாக்லேட் ஊசிப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தபோது, 1900ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பரிசாக விக்டோரியா மகாராணி தன் படைவீரர்களுக்குத் தகர டப்பாவில் சாக்லேட் அனுப்பினார். அந்த டப்பாக்களில் ஒன்று 2021இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஆக்ஸ்பரோ ஹால் என்ற பழைய மாளிகையில், ஒரு தலைக்கவசப் பெட்டிக்குள் கிடைத்தது. 121 ஆண்டுக்குப் பிறகும் பட்டை முழுசாக, இன்ன பொருள் என்று அடையாளம் தெரியும்படி இருந்தது. அதை யாரும் ஆசைப்பட்டு வாயில் போட மாட்டார்கள். ஆனால் அழுகிப் போகவில்லை.

அப்படியானால் சாக்லேட்டை எது கெடுக்கிறது? சூடு, ஈரம், காற்றோடு வரும் வாடை, வெளிச்சம், பூச்சி. இந்த வரிசையில் முதல் இரண்டும்தான் அந்த வெள்ளைப் படலத்துக்குக் காரணம். அவை இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்கின்றன.

கொழுப்பு மேலே வருவது

கொக்கோ வெண்ணெய் ஒரு விசித்திரமான கொழுப்பு. உறையும்போது அது ஒரே மாதிரி உறைவதில்லை. ஆறு வகையான படிக அமைப்புகளில் எதுவாகவும் அது உறையலாம் என்று 1966இல் வில்லி, லட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். முதல் வகை 17 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். நமக்கு வேண்டியது ஐந்தாவது வகை. அது ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். கையில் எடுக்கும்போது கெட்டியாக இருந்து, 37 டிகிரி இருக்கும் வாய்க்குள் போனதும் கரைவது இதனால்தான். உடைத்தால் 'டக்' என்று சத்தம் வருவதும், மேல்பரப்பு மினுங்குவதும் இந்த ஐந்தாம் வகைப் படிகத்தால்தான்.

அது தானாக அமையாது. சாக்லேட் செய்கிறவர்கள் உருக்கிய கலவையை 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி, 27, 28 டிகிரிக்கு ஆற்றி, மறுபடி 31, 32 டிகிரிக்குக் கொண்டுவந்து அச்சில் ஊற்றுவார்கள். (மில்க் சாக்லேட்டுக்கு இந்த அளவுகள் ஓரிரு டிகிரி குறையும்.) டெம்பரிங் என்று இதைச் சொல்கிறார்கள். இவ்வளவு கவனமாக அமைத்த ஒன்றை நாம் வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் குலைந்துவிடும். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அது திரும்ப உறையும், ஆனால் ஐந்தாம் வகையாக உறையாது. கண்டபடி உறைந்த கொழுப்பு மெல்ல மேற்பரப்புக்கு வந்து, சாம்பல் கலந்த வெள்ளைப் படலமாக நிற்கும்.

ஊட்டிக்குச் சுற்றுலா போய்வருகிற குடும்பங்கள் இதை அடிக்கடி பார்க்கின்றன. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே கடையில் கண்ணாடித் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஹோம்மேட் சாக்லேட் மே மாதத்தில்கூட கெட்டியாகத்தான் இருக்கும். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு மலை இறங்குகிறோம். சுமார் 50 கிலோமீட்டரில் மேட்டுப்பாளையம். கோடையில் அங்கே வெயில் 35 டிகிரியைத் தாண்டும். வழியில் சாப்பிட இறங்கும்போது சாக்லேட் பை வண்டிக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் வந்து பிரித்தால் வெள்ளிக் காகிதம் சாக்லேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காகிதத்தின் மடிப்புக் கோடுகள் அப்படியே சாக்லேட்டின் மேல் பதிந்திருக்கும். அச்சில் வார்த்த பூ வடிவம் மழுங்கிப் போயிருக்கும். வழியில் ஒருமுறை உருகி உறைந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு வாரத்தில் வெள்ளை படரும். கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பாவம், அவர் மேல் தப்பில்லை. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் ஒரு தெர்மாகோல் பெட்டியோ சின்ன ஐஸ் பெட்டியோ கையோடு கொண்டுபோவது நல்லது. அதில் ஐஸ் வைத்தால் சாக்லேட்டை பிளாஸ்டிக் டப்பாவில் மூடித்தான் வைக்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

உருகாத சாக்லேட்டிலும் கொழுப்பு மேலே வரும், ஆனால் மெதுவாக. மாதக்கணக்கில் கிடக்கும்போது ஐந்தாம் வகைப் படிகம் தானே ஆறாம் வகையாக மாறுகிறது. பாதாம், ஹேசல்நட் போன்ற கொட்டை விழுது உள்ளே வைத்த சாக்லேட்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கொட்டையின் எண்ணெய் சாதாரண வெப்பத்தில் திரவமாக இருப்பதால் கொக்கோ வெண்ணெயையும் இளக்கி வெளியே நகர்கிறது. 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள டெசி ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி இதைப் பார்த்தார்கள். சாக்லேட்டுக்குள் இருக்கிற மிக நுண்ணிய துளைகள் வழியாகத் திரவக் கொழுப்பு ஊடுருவிப் போவதும், போகிற வழியில் படிகங்களைக் கரைப்பதும் தெரியவந்தது. துளைகள் குறைவாகச் செய்வதும், குளிர்ந்த இடத்தில் வைப்பதும் இதைத் தடுக்கும் வழிகள். முதலாவது தொழிற்சாலைக்காரர் வேலை, இரண்டாவது நம் வேலை.

சர்க்கரை மேலே வருவது

இன்னொரு வகை வெள்ளை ஃபிரிட்ஜில் உருவாகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில் நம் ஊரில் இரண்டே நிமிடத்தில் வியர்த்துவிடும். சாக்லேட்டும் அப்படித்தான் வியர்க்கும். அந்த நீர்த்துளிகள் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரையைக் கரைக்கும். பிறகு தண்ணீர் காய்ந்து போகும், சர்க்கரை மட்டும் சொரசொரப்பான பொடியாக மேலே தங்கிவிடும். கடற்கரை ஊர்களில், மழைக்காலத்தில் இது ரொம்பச் சாதாரணம்.

எது எந்த வெள்ளை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. விரல் நுனியை அந்த வெள்ளையின் மேல் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கொழுப்பாக இருந்தால் விரல் சூட்டில் கரைந்து, அந்த இடம் மட்டும் மறுபடி பழுப்பாகி மினுங்கும். விரலில் எண்ணெய்ப் பசை தெரியும். சர்க்கரையாக இருந்தால் வெள்ளை போகாது, நெருநெருவென்று மணல் போலத் தட்டுப்படும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொழுப்பின் மேல் அது முத்தாக உருண்டு நிற்கும். சர்க்கரையின் மேல் தட்டையாகப் பரவிவிடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள், அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு வெள்ளையும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. சுவையிலும் மென்மையிலும் குறை தெரியும், அவ்வளவுதான். பூஞ்சை இவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியும். அது படலமாகப் பரவாமல் திட்டுத்திட்டாக, பஞ்சு மாதிரி மேலெழும்பி நிற்கும். பச்சை, கறுப்பு நிறமும் கலந்திருக்கும், மக்கிய வாடையும் வரும். வெறும் சாக்லேட்டில் அதைப் பார்ப்பது அரிது. பார்த்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

சாக்லேட்டை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கும். எழுதியவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் சமையலறை அலமாரியிலேயே 18, 20 டிகிரி இருக்கும். சாக்லேட்டுக்கு உகந்தது 15 முதல் 18 டிகிரி வெப்பமும் 50 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும். மே மாதச் சென்னையிலோ மதுரையிலோ அலமாரிக்குள்ளே 33, 34 டிகிரி இருக்கும். அது சாக்லேட்டின் உருகுநிலை. ஆகவே நமக்கு ஃபிரிட்ஜை விட்டால் வேறு வழியில்லை. அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல சாக்லேட் வீணாகிறது.

ஃபிரிட்ஜில் வைக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. சாக்லேட்டை அதன் உறையோடு ஒரு ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, அந்தக் கவரை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். கீழே உள்ள காய்கறித் தட்டோ கதவுப் பக்கமோ கொஞ்சம் சூடு கூடின இடம், அங்கே வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் ஆவலோடு பிரித்துவிடக் கூடாது. டப்பாவை மூடியபடியே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெளியில் விடுங்கள். வியர்வை டப்பாவின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும், சாக்லேட்டைத் தொடாது. மேலே ஐஸ் பெட்டிக்குச் சொன்ன காரணமும் இதுதான். மொத்த டப்பாவையும் தினம் நாலு தடவை எடுத்து வைப்பதைவிட, அன்றைக்கு வேண்டியதை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வது மேல்.

மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசரிலும் வைக்கலாம். அப்போது முதலில் ஃபிரிட்ஜுக்கு மாற்றி ஒரு நாள் விட்டு, பிறகு வெளியே எடுக்க வேண்டும்.

வீட்டில் எப்போதும் ஏசி ஓடும் அறை இருந்தால், 24 டிகிரி வரை சாதாரண சாக்லேட் தாக்குப்பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் அலமாரியே போதும்.

ஃபிரிட்ஜில் இன்னொரு தொல்லை வாடை. கொழுப்புக்கு அக்கம்பக்கத்து மணத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. நம் வீட்டு ஃபிரிட்ஜில் என்னென்ன இருக்கும்? புளித்த இட்லி மாவு, பாதி நறுக்கிய வெங்காயம், வாழையிலையில் சுருட்டிய மல்லிகைப்பூ, நேற்றைய மீன் குழம்பு. மூடாமல் வைத்த சாக்லேட் இரண்டு மூன்று நாளில் இவை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மல்லிகை மணக்கிற சாக்லேட்டை ஒரு தடவை தின்றவர்கள் அப்புறம் டப்பாவை மறக்க மாட்டார்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியிலும் இதே கதை. குளியல் சோப்பு, சென்ட், டால்கம் பவுடர், சாக்லேட் எல்லாம் ஒன்றாக வந்திறங்கும். சாக்லேட்டில் சோப்பு வாடை ஏறியிருக்கும். ஊருக்கு வரும் தம்பி, தங்கையிடம் சாக்லேட்டைத் தனிக் கவரில் கட்டி, சோப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். துணி பீரோவில் அந்துருண்டைக்குப் பக்கத்தில் ஒளித்து வைப்பதும் கூடாது. ஏறிய வாடை திரும்பப் போகாது.

உண்மையிலேயே கெட்டுப்போனது எது?

கொழுப்பு காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து பழசாகும்போது சிக்கு வாடை வரும். பழைய எண்ணெயில் பொரித்த வடையிலும் காறிப்போன தேங்காயிலும் வருகிற அதே வாடை. நாக்கில் வைத்தால் தொண்டையில் ஒரு காறல் நிற்கும். இது வந்துவிட்டால் சாக்லேட் எவ்வளவு மினுங்கினாலும் வேண்டாம். கொட்டை சேர்த்த சாக்லேட்டில் முதலில் கெடுவது கொட்டைதான். உடைத்து உள்ளே இருக்கிற பாதாமையோ முந்திரியையோ தனியாக எடுத்து முகர்ந்து பாருங்கள்.

எல்லாச் சாக்லேட்டும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. டார்க் சாக்லேட் தான் நெடுநாள் தாங்கும், ஒழுங்காக வைத்தால் ஒன்றரை, இரண்டு ஆண்டு. அதில் பால் இல்லை. கொக்கோவில் இயல்பாக இருக்கும் சில பொருட்கள் கொழுப்பு சிக்குப் பிடிப்பதையும் தள்ளிப்போடுகின்றன. மில்க் சாக்லேட் ஏறக்குறைய ஓராண்டு. வெள்ளைச் சாக்லேட்டில் கொக்கோத் தூளே கிடையாது என்பதால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. வெளிச்சம் பட்டால் பழைய பால்பவுடர் வாடை வந்துவிடும். கொட்டை, வேஃபர் வைத்தவை அதற்கும் குறைவு.

கிரீம், ட்ரஃபிள் (சாக்லேட்டில் கிரீம் கலந்த மென்மையான உருண்டை), பழக்கூழ் உள்ளே வைத்த சாக்லேட்டுகளை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அவற்றின் உள்ளே தண்ணீர் இருக்கிறது. ஆகவே பூஞ்சையும் வரும், புளித்தும் போகும். பேக்கரியில் வாங்கிய ட்ரஃபிளை ஃபிரிட்ஜில் வைத்து, அவர்கள் சொன்ன நாளுக்குள் தின்றுவிட வேண்டும். வீட்டில் ஃபிரெஷ் கிரீம் ஊற்றிச் செய்ததென்றால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே நுரைத்திருந்தால், ஓடு வெடித்துக் கசிந்திருந்தால், புளிப்பு வாடை வந்தால் சுவைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இனி பூச்சி. அந்துப்பூச்சியின் புழு மெல்லிய உறையைத் துளைத்து உள்ளே போய்விடும். உறையில் ஊசிமுனைத் துளை, சாக்லேட்டின் மேல் மெல்லிய நூல் போன்ற வலை, தூள் தூளான கழிவு, இவற்றில் எது இருந்தாலும் முழுப் பாக்கெட்டையும் எறிந்துவிட வேண்டும். 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் வந்து நாடே பேசியது. கடைகளில் சரியாக வைக்காததுதான் காரணம் என்றது நிறுவனம். உறை சரியில்லை என்றது அந்த மாநில உணவு, மருந்து நிர்வாகம். அடுத்த ஜனவரியில் நிறுவனம் உறையையே மாற்றி, அலுமினியத் தாளைச் சூட்டால் ஒட்டி மூடும் முறைக்கு வந்தது. வீட்டிலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அரிசி, பருப்பு, ரவை வைக்கிற அலமாரியில் சாக்லேட்டை வைக்காதீர்கள். அந்து அங்கிருந்துதான் வரும்.

பாக்கெட்டில் அச்சிட்ட தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பெஸ்ட் பிஃபோர்" என்றால் அந்தத் தேதி வரை சுவையும் தரமும் செய்தவர் சொன்னபடி இருக்கும் என்று பொருள். அது தாண்டிய மறுநாளே வெறும் சாக்லேட் விஷமாகிவிடாது. "எக்ஸ்பைரி" அல்லது "யூஸ் பை" என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு தின்ன வேண்டாம். இன்னொன்று, இந்தத் தேதியெல்லாம் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்திருந்தால் என்ற நிபந்தனையோடு வருவது. வெயில் படும் பெட்டிக்கடை முகப்பில் தொங்கிய சாக்லேட்டுக்கு அது பொருந்தாது. கடையில் வாங்கும்போதே உறைக்கு மேலாக விரலால் தடவிப் பாருங்கள். கட்டங்கள் மழுங்கி, ஒரு பக்கம் கனத்து ஒதுங்கியிருந்தால் அது ஏற்கனவே உருகி எழுந்தது.

பாக்கெட்டின் பின்பக்கம் "ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்" என்று முதல் சில பெயர்களுக்குள் இருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. நம் வெயிலை அது கூடுதலாகத் தாங்கும், டெம்பரிங் வேலையும் இல்லை. அதனால்தான் வீட்டில் செய்து விற்பவர்கள் பலர் அதை எடுக்கிறார்கள். அதில் பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெய் (பாம் கெர்னல்) வகைக் கொழுப்பு இருக்கும். அந்தக் கொழுப்பில் ஈரம் சேர்ந்து பழசானால் சோப்பு மாதிரி ஒரு சுவை வரும். வேறு சோப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமலே அந்தச் சுவை வந்தால் கெட்டுவிட்டதென்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளை படர்ந்து, மற்றபடி நல்ல வாடையோடு இருக்கும் சாக்லேட்டை என்ன செய்வது? நறுக்கிச் சூடான பாலில் போட்டுக் கலக்கினால் வெள்ளை இருந்த இடம் தெரியாது. கேக் மாவிலும் சேர்க்கலாம். உருக்குவதாக இருந்தால் கொதிக்கும் தண்ணீருக்கு மேல் கிண்ணம் வைத்து உருக்குங்கள். கிண்ணமும் கரண்டியும் துளி ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். ஓரிரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சர்க்கரை ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் கட்டியாகத் திரண்டுவிடும். அப்படித் திரண்டால் பதறாமல் சூடான பாலை நிறைய ஊற்றிக் கலக்குங்கள், சாஸாக இளகிவிடும், ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்ளலாம்.

கெட்டது என்று முடிவு செய்த சாக்லேட்டைத் தெருநாய்க்கோ வீட்டு நாய்க்கோ போட்டுவிடாதீர்கள். கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். டார்க் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். ஒரு கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, நாய் கிளற முடியாத மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள்.